மஞ்சள் நூல் கட்டியவர்கள்

மேசையில் பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே அளவு, நன்றாக ஒட்டியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு. சீட்டில் 'பயிற்சிக் குழு' என்றிருக்கும், இல்லாவிட்டால் 'காத்திருப்போர் குழு' என்றிருக்கும். என் அக்கா வரிசையில் வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓர் உறையை எடுத்து என்னிடமே நீட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் முத்திரை போட்ட காகிதம் எதுவானாலும் என்னைத்தான் படிக்கச் சொல்வாள். பிரித்துப் பார்த்தேன். காத்திருப்போர் குழு.

ஏமாற்றம் அவள் முகத்திலேயே தெரிந்தது. எதையும் மறைக்கத் தெரியாதவள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் இதே பயிற்சி உண்டு, மருந்து மாத்திரை இப்போதிருந்தே உண்டு என்று மற்றவர்களுக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். "ஆறு மாசந்தான, ஓடிப்போயிரும்" என்றாள். அவளுடைய நுரையீரல் படத்தை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் என்னிடம் தனியாகப் பேசியிருந்தார். அதை வைத்துப் பார்த்தால் ஆறு மாதம் என்பது அவளுக்குக் கொஞ்சக் காலம் இல்லை. அது எனக்குத் தெரியும். உறையை மாற்றிக் கொடுத்திருக்கலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் மாற்றவில்லை. மாற்றாமல் இருந்ததை நினைத்து அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நான் போடியில் பிறந்து வளர்ந்தவள், நர்சிங் படித்தவள். என்னைப் படிக்க வைத்தது அக்காதான். அப்பா போன பிறகு அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். சிலமலையில் கல்யாணம் ஆன பிறகும் போனாள், புருஷன் செத்த பிறகும் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் மலைதான். பழம் எடுக்கும் நாட்களில் செடியின் அடியில் குனிந்தே இருக்க வேண்டும். பழம் இல்லாத நாட்களில் மருந்து அடிக்கிற சோலி. நடுவில் நாலைந்து வருஷம் காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகுப் புகைக்குள் வேலை பார்த்தாள். அவளுக்கு இளைப்பு எங்கே பிடித்தது என்று நான் தனியாகத் தேட வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து ஒரு பெண் டாக்டர் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது என்னைக் களப்பணிக்குச் சேர்த்துக்கொண்டார். அவருடைய கேள்வி எளிமையானது. இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சும் போகிறது, மூச்சோடு மனசும் போகிறது. வெளியே போவதில்லை, பேசுவதில்லை, சோறு இறங்குவதில்லை. மாத்திரையோடு சேர்த்து, வாரம் ஒரு நாள் கூட்டமாக உட்கார்ந்து பாடுவது, கும்மி தட்டுவது, மூச்சை இழுத்து மெல்ல ஊதுவது, கண்ணை மூடிப் படுத்து உடம்பைத் தளர்த்துவது இதெல்லாம் செய்தால் ஏதாவது மாறுமா? வேறு ஊர்களில் இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருப்பதாகவும், சிலவற்றில் நல்ல பலன் என்றும், சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார். நம் பெண்களிடம் யாரும் பார்க்கவில்லையாம்.

"செஞ்சேன், நல்லா இருக்குன்னு பத்து பேர் சொன்னா அது ஆதாரம் ஆகாதும்மா. செய்யாம இருக்கற பத்து பேரையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். எங்கள் ஊரில் வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் சர்க்கரைக்கு மருந்து சொல்வார், பஸ்சில் பக்கத்துச் சீட்டுக்காரி கர்ப்பப்பைக்குக் கஷாயம் சொல்வாள். இத்தனை பேச்சுக்கு நடுவே, 'இரு, செய்யாதவனையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று ஒருத்தர் பொறுமையாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை இன்னும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆட்களைச் சேர்ப்பதற்காக நான் ஒரு வாரம் அக்கா போகும் ஜீப்பில் போய் வந்தேன். விடிவதற்கு முன்னால் போடியில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். அவரவர் ஜீப்பு, அவரவர் இடம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. எவ்வளவு பேர் ஏற முடியுமோ அதற்கு மேல் நாலு பேர் ஏறுவார்கள். அக்காவுக்குப் பின்பக்க ஓரம், காற்றுக்காக. முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி வண்டி வளைவில் ஏறத் தொடங்கியதும் அவள் ஒரு பாட்டை ஆரம்பிப்பாள். எல்லாம் சினிமாப் பாட்டுத்தான். பாடிக்கொண்டே போனால் வளைவில் குமட்டாது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. நாலு வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நிறுத்துவாள். அந்த இடத்தை மற்ற பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். போடிமெட்டு வரைக்கும் பாட்டு ஓடும். டிரைவர் அண்ணன் தன் பாட்டுப் பெட்டியைப் போடுவதே இல்லை. அக்கா இருக்கும்போது அது எதற்கு என்பார்.

"நீங்க நாளைக்குக் கண்டுபிடிக்கப் போறத நான் இன்னைக்கே ஓசியில செய்றேன்" என்று அக்கா என்னைக் கேலி செய்தாள். ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த ஜீப்பிலிருந்தே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பிரச்சினையும் அங்கேதான் வந்தது. உறை பிரித்ததும் பாதிப் பேர் ஒரு குழு, பாதிப் பேர் இன்னொரு குழு. ஆனால் மறுநாள் காலையில் எல்லாரும் ஒரே ஜீப்பில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றதைத் திங்கட்கிழமை வளைவிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், அப்புறம் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இருக்காது, உழைப்பு அத்தனையும் வீண் என்று டாக்டர் கவலைப்பட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். என் அக்காவும் குழுவில் இருப்பதை அவரிடம் மறைக்கவில்லை. அப்படியென்றால் உங்கள் அக்காவிடம் கூடுதலாகக் கண்டிப்பாக இருங்கள் என்றார். அந்தப் புத்திமதியை நான் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன்.

நூல் கட்டும் யோசனை என்னுடையது. ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு அட்டை கொடுத்திருந்தோம். ஒரே வாரத்தில் பாதி அட்டை மழையில் ஊறிப்போனது, மீதி துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கரைந்தது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் வாங்கி வந்தேன். பயிற்சிக்குச் சிவப்பு, காத்திருப்போருக்கு மஞ்சள். நம்பர் எழுதிய சின்ன பிளாஸ்டிக் வில்லையைக் கோத்து, வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மழைக்கும் வியர்வைக்கும் அசையாது. டாக்டர்கூட நல்ல யோசனை என்றார்.

மஞ்சள் கட்டும்போது ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக்கொண்டு நான் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஆறு மாசத்துக்கு இது கையில இருக்கணும். அதுவரைக்கும் அங்க சொல்லிக்குடுக்கற எதையும் நீங்க செய்யக் கூடாது. பாட்டு, கும்மி, மூச்சு, எதுவும். தவணை முடிஞ்சதும் நானே அவுத்து விடுறேன்."

டாக்டர் கொடுத்த காகிதத்தில் அப்படி இல்லை. 'வழக்கமான வாழ்க்கையைத் தொடரவும், வகுப்பில் கலந்துகொள்ள வேண்டாம்' என்றுதான் இருந்தது. அதை நான்தான் என் வாயால் இறுக்கினேன்.

மாரியம்மன் திருவிழாவுக்கு நானும் சின்ன வயதில் காப்புக் கட்டியவள்தான். மஞ்சள் நூல், வலது மணிக்கட்டு. கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கும் நாள்வரை கறி கிடையாது, செருப்பு கிடையாது, ஊரைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. யாருக்காகக் கட்டினோமோ அவர்களுக்காக நாம் ஒதுங்கி இருக்க வேண்டும். மீறினால் கெடுதல் நமக்கு வராது, அவர்களுக்கு வரும். இதெல்லாம் அந்த ஜீப்பில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று என் மண்டையில் அது உறைக்கவில்லை. நம்பர் வில்லை நூலிலிருந்து நழுவாமல் இருக்கிறதா என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் நடந்தது. மதுரையிலிருந்து பயிற்சி தரும் அம்மா வருவார். சிவப்பு நூல்காரிகள் முதல் வாரம் வெட்கப்பட்டார்கள். மூன்றாம் வாரம் மண்டபக் காவல்காரர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி, மகன் செத்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவள், கும்மியில் தப்பாகத் தட்டிவிட்டுத் தானே சிரித்ததைப் பார்த்தேன். எனக்கு அக்கா நினைவு வந்தது. அவள் இங்கே இருந்தால் பயிற்சி அம்மாவுக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பாள். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தை பிறந்து மூன்றாம் வாரம் அவள் முறை.

மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு குழுவுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்க முடிகிறது, எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள், பசி எப்படி, மனசு எப்படி. சிலமலைக்கு நான் சனிக்கிழமை சாயங்காலம் போவேன். அக்கா குளித்து, தலை சீவி, பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். மாத்திரையை நேரத்துக்குப் போட்டிருப்பாள், தீர்ந்த அட்டைகளை எடுத்துக் காட்டுவாள். ஆனால் ஒவ்வொரு மாதமும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தாள். எண்களைச் சொல்லவில்லை. ஆள் மங்கிப்போனதைச் சொல்கிறேன். இரண்டாவது மாதம் டிவியின் மேல் துணி போர்த்தியிருந்தது. கேட்டதற்கு, எதற்கு அது, வெறும் கரண்டுச் செலவு என்றாள். பாட்டுச் சேனலை நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டே சமைப்பவள் அவள். மூன்றாவது மாதம் கோயில் பொங்கலில் பானை பொங்கியபோது எல்லாப் பெண்களும் குலவை போட்டார்கள். ஊரிலேயே நீளமாகக் குலவை இழுக்கிறவள் என் அக்கா. அன்று வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். மூச்சு அவ்வளவு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். மலை வேலையை நிறுத்தச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. பழம் எடுப்பு முடியட்டும், தையில் நின்றுவிடுகிறேன், அப்புறம்தான் உங்கள் வகுப்புக்கும் வரணுமே என்றாள்.

கார்த்திகை மழையில் நனைந்து வந்தவளுக்குச் சளி பிடித்தது. மார்கழி பிறந்ததும் காய்ச்சல். ஒரு நாள் விடிகாலையில் அடுத்த வீட்டுப் பெண் போன் போட்டாள், அக்காவுக்குப் பேச்சு வரவில்லை, வெரசா வா என்று. ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள், அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது நாள் கொஞ்சம் தெளிந்தாள். ஒரு நர்ஸ் பொண்ணு வந்து, நெஞ்சுச் சளி இறங்குவதற்காக மூச்சை உள்ளே இழுத்து வாயைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னாள். அக்கா ஊதவில்லை. என்னைப் பார்த்தாள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "இத நான் செய்யலாமா பாப்பா?" என்று கேட்டாள்.

காய்ச்சல் வேகத்தில் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்தேன். "சொல்றதச் செய்யிக்கா" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். செய்தாள். மணிக்கட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு செய்தாள்.

நாலாவது நாள் மத்தியானம் போய்விட்டாள்.

சிலமலைக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினோம். தோடும் மூக்குத்தியும் கழற்றிய ஒரு சித்தி, மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து, இந்த நூலை என்ன செய்ய என்று கேட்டாள். நூல் வெளுத்துப் பாதி வெள்ளையாகியிருந்தது. ஒரு இடத்தில் இற்றுப்போய் அக்காவே வேறு மஞ்சள் நூல் வைத்து முடிந்திருந்தாள். நம்பர் வில்லை அப்படியே இருந்தது. எனக்கு அதைத் தொட மனசு வரவில்லை. இருக்கட்டும், அது என் சோலிக்காகக் கட்டினது, அவளோடயே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஜீப்புப் பெண்கள் அன்று காலையிலேயே மலைக்குப் போயிருந்தார்கள். செய்தி கேட்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவிக்கொண்டிருந்தோம். அவர்கள் முன்னாலேயே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

தை மூன்றாம் வாரம் தவணை முடிந்தது. விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார் டாக்டர். நான் கேட்கவில்லை. வேலை இருந்தால் வேறு நினைப்பு வராது என்று நினைத்தேன். பந்திக் கூடத்தில் மேசை போட்டு, நூலை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சள் நூல்காரிகள் ஒன்றாக வந்தார்கள். எல்லாரும் தலைக்குக் குளித்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. ஒருத்தி கையில் சொம்பு, சொம்பில் மஞ்சள் தண்ணீர், அதில் வேப்பிலை. இன்னொருத்தி பையில் தேங்காய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன இது, கோயிலுக்குப் போகிற வழியா என்று கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. முதலில் நின்ற பெண் கையை நீட்டினாள். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"வெட்டாதத்தா. காப்ப வெட்டக் கூடாது, அவுக்கணும். நீதான கட்டுன, நீயே அவுத்து விடு" என்றாள்.

காப்பா என்று கேட்டேன். பிறகு அவர்கள் ஒருத்தி விட்ட இடத்தில் ஒருத்தி தொடங்கிச் சொன்னார்கள். நூல் கட்டிய அன்று சாயங்காலமே அக்கா மஞ்சள் கட்டிய எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறாள். இது என் தங்கச்சி கட்டிய காப்பு, அவள் படிப்புக்கும் பேருக்கும் உண்டானது, ஒருத்தி மீறினாலும் அவளுக்குத்தான் கெடுதல் என்று சொல்லியிருக்கிறாள். ஆறு மாதம் யாரும் பாடக் கூடாது, கும்மி கூடாது, பாட்டுக் கேட்கவும் கூடாது. கேட்டால் வாய் தானாக முணுமுணுத்துவிடுமாம், அதனால் டிவியும் வேண்டாம் என்றாளாம். கோயில் குலவை மூச்சுப் பயிற்சியில் சேருமா சேராதா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். எதற்கு வம்பு, அதுவும் வேண்டாம் என்றிருக்கிறாள் அக்கா.

மஞ்சள்காரிகள் பாடாததால் சிவப்புக்காரிகளும் பாடவில்லை. பக்கத்தில் ஒருத்தி விரதமாக உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பாடுவது? ஆறு மாதம் அந்த ஜீப்பு சத்தம் இல்லாமல் மலை ஏறியிருக்கிறது. வளைவில் இரண்டு பேர் வாந்தி எடுப்பது வழக்கமாகிவிட்டது. டிரைவர் அண்ணன் ஒரு நாள் பாட்டுப் பெட்டியைப் போட, அக்கா பின்னாலிருந்து தட்டி அணைக்கச் சொன்னாளாம்.

"அவுக்கறதுக்கு இன்னும் எத்தன நாளுன்னு அக்கா தெனமும் எண்ணிக்கிட்டே வரும். அவுத்த அன்னைக்கு முந்தல்ல தொடங்கி மெட்டு வரைக்கும் நிறுத்தாமப் பாடப்போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றாள் சொம்பு வைத்திருந்தவள்.

நான் ஒவ்வொருத்தி கையையும் மஞ்சள் தண்ணீரில் நனைத்து முடிச்சை அவிழ்த்தேன். ஆறு மாதத்து முடிச்சு, நகம் வலித்தது. அவிழ்த்த நூல்களை ஒருத்தி சேர்த்து எடுத்துக்கொண்டாள், கொட்டகுடி ஆற்றில் விட வேண்டுமாம். எனக்கு அழுகை வரவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் மதுரைக்குப் போனேன். டாக்டர் கணினியில் குழுவுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் போட்டு வைத்திருந்தார். நல்ல வித்தியாசம் தெரிகிறது என்று போன வாரம் போனில் அவர் சந்தோஷப்பட்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கோடுகளை மறுபடி பார்த்தார். சிவப்புக் கோடு கொஞ்சம்தான் ஏறியிருந்தது. மஞ்சள் கோடு நன்றாக இறங்கியிருந்தது. நடுவில் இருந்த இடைவெளி பயிற்சி கொடுத்ததால் வந்ததா, இருந்ததை நாம் பறித்ததால் வந்ததா என்று இனிச் சொல்ல முடியாது என்றார். என்மேல் கோபப்படவில்லை. நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதலாம், இதையும் நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாடாததால் என் அக்கா செத்தாள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவள் நுரையீரல் அப்படி, மழை அப்படி. பாடியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான், தெரியாததைத் தெரிந்தது என்று சொல்லக் கூடாது. தெரிந்தது ஒன்றுதான். அவளுக்கு மிச்சமிருந்தது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அவளுக்குப் பிடித்த ஒரே காரியத்தை அவள் எனக்காக விட்டிருந்தாள். அவிழ்த்துவிடுகிறேன் என்று சொல்லிக் கட்டிய நூலை நான் அவிழ்க்காமலே அவளைத் தீயில் வைத்தேன்.

படிவங்களை ஒப்படைப்பதற்கு முன்னால் அக்காவுடையதை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்து மாதம், ஐந்து படிவம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: 'கடந்த வாரம் உங்கள் மனதுக்குப் பிடித்த ஏதாவது செய்தீர்களா?' ஐந்திலும் 'இல்லை' என்ற கட்டத்தில் என் கையால் போட்ட டிக். சோர்வின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டிய பதில் அது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவள் அதைச் சோர்வாகச் சொல்லவில்லை. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி, கேள்வி முடிவதற்குள் இல்லை என்பாள். நான் டிக் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்கு விடுவாள்.

எல்லாம் முடித்து நான் பேனாவை மூடும்போது ஒவ்வொரு மாதமும் தவறாமல் ஒன்று கேட்பாள். "நான் ஒண்ணும் கெடுத்துறலயே பாப்பா?"

நான் காகிதத்தை அடுக்கிக்கொண்டே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இல்லக்கா, எல்லாரையும் விட நீதான் ஒழுங்கு" என்பேன். அதற்குச் சிரிப்பாள். அந்த ஐந்து மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அப்போது மட்டும்தான்.